மேலே ஐஸ், கீழே திரிந்த பால்: குளச்சல் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜ் ஃபேன்

புகார்

"தம்பி, மேல ஐஸ் கட்டியா நிக்குது. கீழ வச்ச பால் மறுநாளே திரிஞ்சு போவுது. மீன் குழம்பு ராத்திரி வச்சா காலைல ஊசிப் போவுது. கேஸ் தீந்து போச்சுன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து வந்த அழைப்பு இது. ஜூன் மாதம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதற்கு முன்பே அந்த அக்கா வாளையும் நெத்திலியுமாக வாங்கி, பொதி பொதியாக ஃப்ரீசரில் அடுக்கியிருந்தார். ஆகவே அவருடைய கவலை பாலைப் பற்றியது மட்டுமில்லை. மேலே இருக்கும் ஐஸும் போய்விட்டால் அத்தனை மீனும் போய்விடும்.

ஃப்ரிட்ஜ் இரட்டைக் கதவு, 260 லிட்டர் அளவு, ஐஸ் படியாத வகை. இன்வெர்ட்டர் போர்டு இல்லாத பழைய அமைப்பு: படியும் ஐஸை உருக்கும் ஹீட்டர், நேரம் பார்த்து அதை ஓட்டும் டைமர், உருகியதும் அதை நிறுத்தும் பைமெட்டல் சுவிட்ச், 230 வோல்ட் ஏசி ஃபேன். கம்ப்ரசர் தகட்டில் உள்ளிருக்கும் கேஸின் பெயர் ஆர் 134ஏ என்று அச்சிட்டிருந்தது.

இந்த வகையில் குளிர் உண்டாகும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. கீழறையில் தனியாகக் குளிரூட்டும் எதுவும் கிடையாது. காயிலுக்கு மேலே இருக்கும் சிறிய ஃபேன் குளிர்ந்த காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃப்ரீசருக்குள்ளும் மீதியைப் பின்பக்கக் குழாய் வழியாகக் கீழறைக்கும் தள்ளுகிறது. ஃபேன் நின்றால் காயிலை ஒட்டிய ஃப்ரீசர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கீழறை சூடாகிவிடும். மேலே ஐஸ், கீழே திரிந்த பால் என்ற புகாரைக் கேட்டதும் மெக்கானிக் முதலில் ஃபேனைத்தான் நினைக்க வேண்டும். கேஸ் அதற்குப் பிறகு.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

கீழறையில் முந்தைய இரவிலிருந்து இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரை விட்டேன். 16 டிகிரி. சரியாக ஓடும் ஃப்ரிட்ஜில் இது 3 முதல் 5 வரை இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை மாறிவிடும், அதனால் காற்றை அளப்பதைவிட நெடுநேரம் உள்ளே இருந்த தண்ணீரை அளப்பதே நம்பகமானது. ஃப்ரீசரில் பின்பக்கத்துப் பொதிகளுக்கு நடுவே மைனஸ் 11, கதவோரம் மைனஸ் 4. கதவோரத்துப் பொதிகளின் ஓரம் இளகத் தொடங்கியிருந்தது. ஒரே ஃப்ரீசருக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் காற்று சுற்றவில்லை என்று அர்த்தம்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாடலில் தெர்மோஸ்டாட் கீழறையின் குளிரைப் பார்த்துத்தான் கம்ப்ரசரை நிறுத்தும். கீழே குளிர் எட்டவே இல்லையென்றால் அது நிறுத்தச் சொல்லாது. கரண்ட் பில் ஏறியதாக அக்கா சொன்னதற்கும் காரணம் இதுதான்.

முன்பு வந்தவர் ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "சூடு போதாது, கேஸ் குறைவு" என்று சொல்லியிருக்கிறார். சுவரில் சூடு குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் கேஸ் குறைந்தாலும் அந்தச் சூடு குறையும், ஃபேன் நின்றாலும் குறையும். ஃபேன் ஓடாதபோது காயிலுக்கு வெதுவெதுப்பான காற்று வந்து சேராது, உள்ளிருந்து எடுக்கும் வெப்பம் குறையும், ஆகவே சுவர் வழியே வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறையும். சுவரை மட்டும் தொட்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்லக்கூடியது பின்பக்கம் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் தடித்த குழாய். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜில் அந்தக் குழாய் குளிராமல் சாதாரணமாக இருக்கும். இங்கே அது வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. தென்மேற்குப் பருவக் காற்றில் ஈரம் அதிகம், கொஞ்சம் வியர்வை இருக்கத்தான் செய்யும். இது அந்த அளவையும் மீறியது. காயிலில் ஆவியாக வேண்டிய திரவம் அங்கே போதிய வெப்பம் கிடைக்காமல் குளிரோடு கம்ப்ரசர் வரை திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே கேஸ் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

அடுத்தது காது. இந்த ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும். சட்டத்தில் இருக்கும் சிறிய டோர் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் கதவு மூடியதாக நினைத்து மறுபடி ஓடும். வீட்டில் இருப்பவர்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கம்ப்ரசர் ஓடும் நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டைமர் ஐஸ் உருக்கும் கட்டத்தில் இருந்தால் இரண்டுமே நிற்கும், அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அழுத்தினேன். விசிறிச் சத்தமும் இல்லை, முகத்தில் காற்றும் இல்லை.

மீன் பொதிகள் பின்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்திருந்தன. அவற்றை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். அப்போதும் காற்று வரவில்லை.

பேனலுக்குப் பின்னால்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேனலைக் கழற்றினேன். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் நம்மில் பலரும் பேனலைத் திறந்த கையோடு வெந்நீரை ஊற்றி ஐஸை உருக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த நிமிடமே நோயின் தடயம் பாதி கரைந்து போகிறது. பனி எப்படிப் படிந்திருக்கிறது, இறக்கை எப்படிச் சுழல்கிறது என்ற இரண்டையும் காயில் குளிராக இருக்கும்போதே பார்த்தாக வேண்டும்.

பனியைப் பார்த்தேன். மேல் வரிசை முதல் கீழ் வரிசை வரை ஒரே சீராக, மெல்லிசாக வெள்ளை. கேஸ் குறைவென்றால் திரவம் நுழையும் முதல் ஓரிரு வரிசையில் மட்டும் பனி கட்டும், மற்றவை வெறுமையாக நிற்கும். ஐஸ் உருக்கும் அமைப்பு கெட்டிருந்தால் தகடுகளுக்கு இடையே இருக்கும் சந்தெல்லாம் அடைத்து, காயில் முழுவதும் ஒரே கட்டியாக இருக்கும். இது இரண்டுமே இல்லை. ஆக கேஸ் குறைவு என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. இதை அக்காவிடமும் காட்டினேன். தன் வீட்டுப் பொருளில் என்ன கோளாறு என்று அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேஸ் போடுவது என்றால் மூடி முத்திரையிட்ட குழாயை வெட்டித் திறப்பது. திறந்த பிறகு உள்ளே ஈரம் போகாமல் பார்க்க வேண்டும், வேக்கம் பிடித்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும், எடை பார்த்து ஏற்ற வேண்டும், மறுபடி பற்றவைக்க வேண்டும். இதில் எந்தக் கட்டத்தில் அவசரப்பட்டாலும் நன்றாக இருந்த கம்ப்ரசர் கெடும். பேனலைக்கூடத் திறக்காமல் கேஸ் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம். பணம் வீணாவது ஒரு பக்கம், நல்ல ஃப்ரிட்ஜ் நோயாளி ஆவது இன்னொரு பக்கம்.

அடுத்து ஃபேன். இறக்கையில் ஐஸ் எதுவும் இடிக்கவில்லை. விரலால் சுண்டிவிட்டேன். நல்ல மோட்டார் என்றால் சுண்டிய வேகத்தில் சில சுற்று போய்த்தான் நிற்கும். இது விரல் விட்ட இடத்திலேயே நின்றது. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. சுற்றிலும் பனி இருக்கும் இடத்தில் அதையும் பனி என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அப்போதைக்கு அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிளக்கை மாட்டி, டோர் சுவிட்சை டேப்பால் அழுத்தி ஒட்டி, ஃபேன் கனெக்டரில் மீட்டர் வைத்தேன். 226 வோல்ட். சுவிட்ச், தெர்மோஸ்டாட், டைமர், வயர் எல்லாம் தங்கள் வேலையைச் செய்கின்றன, கரண்ட் மோட்டார் வாசல் வரை வந்து நிற்கிறது என்று இதற்குப் பொருள். மோட்டார் சட்டத்தில் லேசான அதிர்வு மட்டும் இருந்தது, சுழற்சி இல்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் ஓம் பார்த்தேன். சில நூறு ஓம் காட்டியது, அறுந்து போகவில்லை. மின்சாரத்தில் குறை இல்லாமல் ஃபேன் நிற்கிறது என்றால் இறுக்கம் ஷாஃப்ட் சுழலும் புஷ்ஷில்தான் இருக்க வேண்டும்.

ஐஸ் உருக்கும் பக்கத்தையும் விடாமல் பார்த்தேன். பைமெட்டல் குளிரில் இணைந்திருந்தது, ஃபியூஸ் முழுசாக இருந்தது. ஹீட்டர் 150 வாட், 230 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 350 ஓம் பக்கம் வர வேண்டும், அப்படியே வந்தது. டைமரை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பியதும் டக்கென்று மாறி ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்தது. அங்கே குறை எதுவும் இல்லை.

கரண்ட் போன இரவு

இதற்கிடையே கழற்றிய ஃபேனை சமையலறைத் திட்டில் வைத்திருந்தேன். மற்ற சோதனைகள் முடிந்து அதை எடுத்தபோது இறக்கை தாராளமாகச் சுழன்றது. கரண்ட் கொடுத்தேன். குறையே இல்லாமல் ஓடியது.

பக்கத்தில் நின்ற அக்காவின் மகன், "அண்ணே, ஓடுதே! அப்ப மோட்டார் நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

இப்படி ஓடுவதைப் பார்த்து, "ஏதோ ஐஸ் தடுத்திருக்கும்" என்று திரும்ப மாட்டிவிட்டு வரும் வேலைகள்தான் பெரும்பாலும் அதே வாரம் திரும்பி வருகின்றன. அதனால் உட்கார்ந்து கொஞ்சம் விசாரித்தேன். அக்கா ஒரு விஷயம் சொன்னார். போன வாரம் காற்றும் மழையும் அடித்து, தென்னை ஓலை லைனில் விழுந்து இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. விடிந்து கரண்ட் வந்த பிறகு ஃப்ரிட்ஜ் நன்றாகவே குளிர்ந்ததாம். மறுநாள் மறுபடி பழைய கதை.

இரவு முழுக்க நின்றதும் சரியாகி, பிறகு மீண்டும் கெடுவது என்றால் வழக்கமாக ஐஸ் உருகாத கோளாறைத்தான் சொல்வோம். அடைத்த ஐஸ் கரண்ட் இல்லாத நேரத்தில் கரைந்து காற்றுக்கு வழி விடும். ஆனால் அப்படிக் கரைந்த ஐஸ் மீண்டும் காயிலை அடைக்கப் பல நாள் பிடிக்கும், அடைத்ததற்கான தடயமும் காயிலில் கட்டியாக இருக்கும். இங்கே காயில் சுத்தம். ஆக சூட்டில் இளகி, குளிரில் இறுகும் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த வெள்ளை வளையம் நினைவுக்கு வந்தது. ஷாஃப்டைத் துணியால் துடைத்தேன். துணியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தேன்.

"தம்பி, இதுல எண்ணெய் விட்டியா?"

பையன் தயங்கித்தான் சொன்னான். "ஆமாண்ணே. ரெண்டு மாசம் முன்னால கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். பேனலைக் கழட்டி, ஃபேனுல கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் நின்னுபோச்சு."

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், மார்கழிக் காலையில் குப்பியை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். ஃபேன் இருக்கும் இடமோ மைனஸ் 20 பக்கம். அந்தக் குளிரில் அது மெழுகுபோல ஷாஃப்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை ஏசி ஃபேன் மோட்டாரில் கெபாசிட்டர் கிடையாது. மோட்டாரின் காந்த முனையில் பொதித்த ஒரு செப்பு வளையத்தின் உதவியால்தான் அது சுழலத் தொடங்குகிறது, அதனால் கிளம்பும் விசை மிகவும் குறைவு. மெல்லிய உறைந்த எண்ணெய்ப் படலமே அதை நிறுத்தப் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொந்தச் சூட்டிலும் சுழற்சியிலும் அது ஒருவாறு சமாளிக்கும். தெர்மோஸ்டாட் ஒருமுறை நிறுத்தினாலோ டைமர் ஐஸ் உருக்கப் போனாலோ எண்ணெய் இறுகிவிடும், மறுபடி கிளம்பாது. கரண்ட் வந்த மறுநாள்வரை ஓடியதற்கும் அப்புறம் நின்றதற்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. ஹீட்டர் ஓடும் நேரத்தில் இளகாதா என்று கேட்கலாம். காயில் பத்துப் பதினைந்து டிகிரியைத் தொடும்போதே பைமெட்டல் ஹீட்டரை நிறுத்திவிடும். தேங்காய் எண்ணெய் இளக அது போதாது.

விளக்கம் பொருந்துகிறது என்பதற்காக முடிவு கட்டிவிடக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். ஃபேனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அடுத்த வீட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். அக்கா கட்டஞ்சாயாவும் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் கொடுத்தார். நன்றாகக் குளிர்ந்ததும் எடுத்துக் கரண்ட் கொடுத்தேன். முனகியது, சுழலவில்லை. விரலால் தள்ளிவிட்டதும் சோம்பலாக ஒரு சுற்று போய் நின்றது. வெள்ளை வளையம் மறுபடி தெரிந்தது. பிறகு புஷ்ஷைக் காண்டாக்ட் கிளீனரால் நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, அதே ஃப்ரீசரில் திரும்ப வைத்தேன். இந்த முறை கொடுத்த உடனே சுழன்றது. கூடவே பழைய கீச்சுச் சத்தமும் வந்தது.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்தம் வருகிறது, எண்ணெய் விடுவோம் என்று நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை. சத்தம் நின்றதும் உண்மை. எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் விளக்கியதும் அடுத்த ஃப்ரீசர் சோதனையை அவனே ஆர்வமாகச் செய்தான்.

மாற்றியது

கழுவிய மோட்டாரையே திரும்ப மாட்டலாமா என்று அக்கா கேட்டார். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினேன். ஆட்டம் இருந்தது, இரும்பில் துருவின் தடமும் இருந்தது. கீச்சென்ற முதல் சத்தத்துக்குக் காரணம் அந்தத் தேய்மானம்தான். எண்ணெய் விட்ட கதை அதற்குப் பிறகு வந்தது. கழுவி மாட்டினால் சில மாதம் ஓடும், அப்புறம் நிற்கும். புது மோட்டாரே போட்டோம். கேஸுக்குச் சொல்லியிருந்த தொகையில் அது சிறு பங்குதான்.

மோட்டார் வாங்கும்போது வோல்ட் ஒத்திருந்தால் போதாது. சுழலும் திசையும் ஷாஃப்ட் நீளமும் ஒத்திருக்க வேண்டும். இந்த மோட்டாரில் வயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறாது. செப்பு வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் திசையைத் தீர்மானிக்கிறது. தவறான திசை மோட்டாரைப் போட்டுவிட்டால் ஃபேன் அழகாகச் சுழலும், காற்று எதிர்ப்பக்கம் போகும், கீழறை சூடாகவே இருக்கும். அப்போது மறுபடி யாராவது கேஸ் என்பார்கள். இறக்கையைப் பழைய ஆழத்திலேயே செருகி, ரப்பர் புஷ்களைத் திரும்பப் போட்டு, பேனலை மூடிய பின் ஒரு சிறு காகிதத் துண்டைக் காற்றுத் துளைக்கு முன் பிடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் தள்ளியது. கீழறைத் துளையிலும் அப்படியே.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது. அவற்றில் ஃபேன் பெரும்பாலும் 12 வோல்ட் அளவிலான டிசி மோட்டார், போர்டிலிருந்து கரண்ட் வருகிறது, மூன்று அல்லது நான்கு வயர் இருக்கும். அதில் ஒன்று ஃபேன் சுழல்கிறதா என்று போர்டுக்குச் சொல்கிறது. அதற்கு 230 வோல்ட் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டின் கெபாசிட்டரில் சில நிமிடம் கரண்ட் தங்கியிருக்கும், கை வைக்கும் முன் காத்திருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் வரும் ஆர் 600ஏ தீப்பிடிக்கும் கேஸ். கத்தியால் ஐஸைக் குத்திக் காயிலில் ஓட்டை விழுந்தால் குளிர் போவதோடு ஆபத்தும் சேரும். ஆனால் குளிராக இருக்கும்போதே இறக்கையைச் சுண்டிப் பார்ப்பது அங்கேயும் பொருந்தும். அந்த மோட்டார்களிலும் ஈரமும் துருவும் சேர்ந்து ஷாஃப்ட் குளிரில் மட்டும் பிடிப்பது உண்டு.

மீன் பொதிகளை ஒரே நேரத்தில் அடைக்காமல், பின்பக்கத் துளைகளுக்கு முன் நாலு விரல் இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னேன். மறுநாள் மாலை பையனே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து போனில் சொன்னான். கீழறைத் தண்ணீர் 4 டிகிரி, ஃப்ரீசரில் கதவோரம்கூட மைனஸ் 16. கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுகிறது, பின்பக்கக் குழாய் காய்ந்திருக்கிறது. கம்ப்ரசர் நின்று மறுபடி ஓடும்போது ஃபேனும் கூடவே கிளம்புகிறதா என்று கேட்டேன். டோர் சுவிட்சை அழுத்தி, நின்று ஓடிய ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்த்ததாகச் சொன்னான். கிளம்புகிறது.